சுண்டெலி ஓட்டிய கடிகாரம்

ஹாம்ஸ்டர் சக்கரத்தில் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று அளப்பது ரொம்ப சுலபம். சக்கர விளிம்பில் ஒரு சின்னக் காந்தம், எதிரே கூண்டில் ஒரு ரீட் சுவிட்ச். சுற்றுக்கு ஒரு துடிப்பு. 20 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் என்றால் ஒரு சுற்று ஏறக்குறைய 63 செ.மீ.; நொடிக்கு ஒரு சுற்று என்றால் மணிக்குச் சுமார் 2.3 கி.மீ. ராத்திரி முழுக்க 10,000 சுற்று ஓடினால் 6 கி.மீ.க்கு மேல். (ஓடுவதை நிறுத்திய பிறகும் சக்கரம் கொஞ்ச நேரம் தானாகச் சுற்றும். அதைக் கழிப்பதுதான் தலைவலி.)

ஆனால் சக்கரத்தின் வரலாற்றைத் தேடிப் போனால் வேகம் பின்னுக்குப் போய்விடுகிறது. 1898-ல் அமெரிக்காவில் காலின் ஸ்டூவர்ட் எலிகளைச் சுழல்கூண்டில் ஓடவிட்டு, மதுவும் உணவும் காற்றழுத்தமும் ஓட்டத்தை எப்படி மாற்றுகின்றன என்று பதிவு செய்தார். பின்னால் வந்தவர்களுக்கு 'எவ்வளவு' என்பதைவிட 'எப்போது' என்பதே முக்கியமாகிவிட்டது.

இந்தக் கதையில் மதுரைக்கும் பங்கு உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஜெர்மனியின் டூபிங்கனில் உயிர்க்கடிகார ஆய்வு செய்துவிட்டு வந்த எம்.கே. சந்திரசேகரன், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே ஒரு குழுவை உருவாக்கினார். 1990களில் அவரும் வி.கே. சர்மாவும் சக்கரத்தில் ஏற்றியது சிரியாவிலிருந்து உலகம் சுற்றிய ஹாம்ஸ்டரை அல்ல. மஸ் பூடுகா என்ற, நம்மூர் வயல் வரப்பில் வளை தோண்டி வாழும் குட்டிச் சுண்டெலியை!

அந்தக் காலத்து ஆய்வகங்களில் கணினிக்குப் பதில் ஊர்ந்துகொண்டே இருக்கும் காகிதச் சுருள். ஒவ்வொரு சுற்றுக்கும் பேனா ஒரு கோடு போடும். 24 மணி நேரத்துக்கு ஒரு துண்டாக வெட்டி, ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டுவார்கள். முழு இருட்டில் வைத்த எலியின் உள்கடிகாரம் 24 மணிக்குக் கொஞ்சம் குறைவாக ஓடினால், தினமும் சற்று முன்னதாகவே ஓட ஆரம்பிக்கும். தாளில் கோடுகள் சாய்ந்து இறங்கும். நடுவில் சில நிமிடம் வெளிச்சம் காட்டினால் அந்தச் சாய்வு இடம் பெயரும். எலியின் இரவு தொடங்கும் நேரத்தில் காட்டினால் கடிகாரம் பின்தங்கும், விடியும் தறுவாயில் காட்டினால் முந்தும். அமெரிக்க ஷிப்டில் வருஷக்கணக்காக விழித்திருந்த என்னைப் போன்றவர்களுக்கு இது வெறும் எலிக்கதை இல்லை.

ஒரு மென்பொருள்காரனாக என்னை அசத்துவது ஒன்றுதான். அவர்கள் மொத்தத்தை மட்டும் எண்ணிவிட்டு நிறுத்தவில்லை, ஒவ்வொரு துடிப்பும் விழுந்த நேரத்தைக் காப்பாற்றினார்கள். இன்று கடையில் கிடைக்கும் சைக்கிள் மீட்டரைச் சக்கரத்தில் மாட்டினால் தூரம் வரும், வேகம் வரும். அந்தச் சாய்ந்த கோடு வராது.