ரின்னில் வரும் மரக்கறிச் சாறு: சத்து எவ்வளவு, உப்பு எவ்வளவு?

கனடாவிலிருந்து வந்த சித்தி, அம்மாவுக்கென்று நான்கு ரின் மரக்கறிச் சாறு கொண்டுவந்தார். "சீனி சேர்க்காதது அக்கா, ஒவ்வொரு நாளும் குடியுங்கோ" என்றார். அம்மாவுக்குப் பத்து வருடமாகப் பிரஷர். 2009இல் உப்பில்லாக் கஞ்சியோடு நாட்களைக் கடத்தியவருக்கு, இன்று உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் வைத்தியர். அதனால் ரின்னின் லேபிளை வாசித்துப் பார்த்தேன்.

இவ்வகைப் பானங்களில் பெயர்பெற்றது அமெரிக்காவின் 'வி8'. 1933இல் உருவான இதை 1948இல் கம்பெல் நிறுவனம் வாங்கியது. தக்காளி, கரட், பீற்றூட், செலரி, பார்ஸ்லி, லெட்டியூஸ், வோட்டர்கிரெஸ், ஸ்பினாச் என எட்டு மரக்கறிகள் சேர்ந்தாலும் பெரும்பகுதி தக்காளிதான்.

நன்மை என்ன?

240 மில்லிலீற்றரில் சுமார் 45 கலோரிதான். தோடம்பழச் சாற்றைவிடச் சீனி மிகக் குறைவு. விற்றமின் ஏ, சி, பொற்றாசியம் உண்டு. சூடாக்கிய தக்காளியிலிருந்து லைக்கோபீனை உடல் இலகுவாக உறிஞ்சும். ஆனால் முழு மரக்கறியில் உள்ள நார்ச்சத்தில் பெரும்பகுதி சாற்றில் இல்லை.

உப்புக் கணக்கு

அமெரிக்காவில் விற்கும் சாதாரண வகையில் 240 மில்லிலீற்றருக்கு 640 மில்லிகிராம் சோடியம் உண்டு. சோடியத்தை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும்: 1.6 கிராம். வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரு கிளாஸிலேயே போய்விடுகிறது. சோறு, கறி, சம்பலில் சேரும் உப்பு வேறு.

உப்புக் குறைந்த வகையும் எல்லாருக்கும் பொருந்தாது. அவற்றில் சிலவற்றில் உப்புக்குப் பதிலாகப் பொற்றாசியம் குளோரைட் சேர்க்கிறார்கள். சிறுநீரக நோயாளரும், லொசாட்டன், எனலாப்ரில் போன்ற பிரஷர் மருந்து எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் நாளாந்தம் குடிக்கக்கூடாது. இரத்தத்தில் பொற்றாசியம் கூடினால் இதயத் துடிப்பு பாதிக்கப்படும்.

வீட்டில் செய்வதென்றால்

இரண்டு தக்காளி, ஒரு கரட், கொஞ்சம் வல்லாரை. தக்காளியையும் கரட்டையும் அவித்து, வல்லாரையோடு அரையுங்கள். வடிக்க வேண்டாம், நார்ச்சத்து தங்கும். ஒரு கரண்டி தேங்காய்ப்பால் விட்டால் கரட்டின் சத்து நன்றாக உறிஞ்சப்படும். உப்புக்குப் பதில் தேசிக்காயும் மிளகும் போதும். இதிலும் பொற்றாசியம் உண்டு என்பதால் சிறுநீரக நோயாளர் கேட்டுவிட்டே குடிக்க வேண்டும்.

சித்தி தந்த ரின்கள் இன்னும் உடைக்கப்படவில்லை. அம்மாவின் அடுத்த கிளினிக் நாளில் மருந்துக் கொப்பியோடு ஒரு ரின்னையும் கொண்டுபோகிறோம்.