தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும்: ஒரு நினைவின் உருமாற்றம்

தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசைகாட்டி ஆள்கட்டினார்கள் என்பது இலங்கை மலையகத் தமிழரிடையே வழங்கும் வாய்வழிச் செய்தி. இடப்பெயர்வு பற்றி எழுதியோர் பலர் இதை ஆள்திரட்டிய கங்காணி சொன்ன சொல்லாகவே கொண்டனர். அந்த வாசிப்பு ஏற்கத்தக்கதாக இல்லை. தோட்டத்தில் வாழ்ந்து பெற்ற பட்டறிவு, முன்னோர் அடைந்த ஏமாற்றத்துக்குப் பின்னாளில் கொடுத்த வடிவமே இது என்பது என் துணிபு.

முதலில் செடியைப் பார்ப்போம். 1830களில் தொடங்கிய குடிபெயர்வு கோப்பிக்கானது. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலையை வணிகப் பயிராக நட்டது 1867இல். கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது 1869இல். தேயிலை கோப்பியின் இடத்தைப் பிடித்தது 1880களில். அதற்குமுன் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வந்தவர்களிடம் சொல்லப்பட்ட பொய்யில் தேயிலை இருந்திருக்க முடியாது. ஆயினும் வழக்கில் நிற்பது தேயிலைத் தூரே. 1932இல் வெளிவந்த தம் நூலில் உளவியலாளர் பிரடெரிக் பார்ட்லெட் காட்டிய மாற்றம் இத்தகையது. வட அமெரிக்கப் பழங்குடிக் கதையொன்றைப் படித்த ஆங்கிலேயர் அதைத் திருப்பிச் சொன்னபோது மரத்தோணி படகாயிற்று; கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாயிற்று. பழகாததன் இடத்தில் பழகியது வந்து அமர்ந்தது.

இந்தியா 1939இல் தடைவிதிக்கும்வரை ஆட்கள் வந்துகொண்டிருந்தனர். தேயிலைக் காலத்தில் வந்தோர் இதை நேராகவே கேட்டிருக்கலாமே என்று மறுக்கலாம். செடியை மட்டும் வைத்து வாதிட்டால் அம்மறுப்பு நிற்கும். மாசியை அதனால் விளக்க முடியாது.

மாலைதீவு மாசி என்னும் உலர்ந்த மீன் இலங்கைச் சமையலில் ஊறிய பொருள். திருச்சி, சேலம் பக்கத்து உள்நாட்டுச் சிற்றூர்களில், வறுமையால் புறப்பட்ட குடிகளின் அடுப்பில் அது வழக்கமாக இருந்ததென்று கொள்வது கடினம். இலங்கையில் இருந்து திரும்பிய கங்காணிக்கு மாசி தெரிந்திருக்கும். ஆனால் மீன் அறியாத இரையைத் தூண்டிலில் கோத்துப் பயனில்லை. கேட்பவரை ஈர்க்க அரிசியும் கூலியுமே போதும். தேங்காயும் மாசியும் சேர்ந்தால் சம்பல். தொழிலாளர் குடியிருப்பான லயத்து அடுப்பில் ரொட்டிக்குத் துணையான அந்தச் சம்பலை, கடனில் உழன்றவர்கள் காசு கொடுத்தே அரைக்கவேண்டியிருந்தது. இங்கு வந்தபின் எது கைக்கெட்டாது போயிற்றோ, அதுவே அங்கு வாக்களிக்கப்பட்டதாக நினைவு சொல்கிறது.

இவ்வாறு வாசிப்பது கங்காணிகளின் குற்றத்தைக் குறைக்கும் என்ற அச்சம் வேண்டாம். அக்குற்றத்தை மெய்ப்பிக்க, கடனைக் குறித்த சீட்டால் தொழிலாளரைப் பிணைத்து 1921இல் ஒழிக்கப்பட்ட துண்டுமுறையும் தலைமுறை தாண்டிய கடனும் போதும். இச்செய்தி அதனினும் பெரியது: தாம் பட்டதைத் தொழிலாளர் தாமே எடைபோட்டுச் சொன்ன தீர்ப்பு.

இக்கருத்தைச் சோதிக்கக் கரவனெல்ல ஏற்ற இடம். களனிவெளியின் இப்பகுதியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் றப்பர் பரவியது. தலைமுறையாகப் பால்வெட்டிய குடும்பங்களிடம் எந்தத் தூர் பேசப்படுகிறது, மாசி நிலைத்திருக்கிறதா என்பவை விடை தரும். ஆனால் வாய்மொழி திரட்டுவோர் பெரும்பாலும் பழமொழியைத் தாமே எடுத்துக்கொடுத்து, உண்மையா என்று கேட்கின்றனர். நூல்களிலும் மேடைகளிலும் அதைக் கேட்டுப் பழகியவர் ஆமென்றே சொல்வார். கேட்பவரின் எதிர்பார்ப்பு அங்கே சொல்பவரின் நினைவாகிவிடும். குடும்பம் எப்போது வந்தது, எந்தப் பயிரில் வேலை செய்தது, என்ன சமைத்தது என்பவற்றை முதலில் பதியவேண்டும். பழமொழி அவர் வாயிலிருந்து தானாக வந்தால் மட்டுமே அதைச் சான்றாகக் கொள்ளவேண்டும்.