டெக்சாஸ் ஏ அண்ட் எம் ஏகீஸ்

டெக்சாஸ் ஏ அண்ட் எம் ஏகீஸ் என்பது ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், காலேஜ் ஸ்டேஷன் நகரில் உள்ள டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அணிகளைக் குறிக்கும் பெயராகும். இப்பல்கலைக்கழகம் 1876-ல் வேளாண்மை மற்றும் இயந்திரவியல் கல்லூரியாகத் திறக்கப்பட்டது. வேளாண்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கமே 'ஏகி' ஆகும். தொடக்க காலத்தில் இவ்வணிகள் 'விவசாயிகள்' என்றும் அழைக்கப்பட்டன. அரக்குச் சிவப்பும் வெள்ளையும் அணிகளின் நிறங்களாகும். அமெரிக்கக் காற்பந்தாட்டம், கூடைப்பந்தாட்டம், அடிபந்தாட்டம், தடகளம் முதலிய பல விளையாட்டுகளில் ஏகீஸ் அணிகள் பங்கேற்கின்றன. ஆட்டங்களின் முடிவுகளைக் காட்டிலும் அவற்றைச் சூழ்ந்து வளர்ந்த மரபுகளுக்காகவே இவ்வணிகள் பெரிதும் அறியப்படுகின்றன.

வரலாறு

கல்லூரியின் முதல் காற்பந்தாட்ட அணி 1894-ல் அமைக்கப்பட்டது. அதே ஆண்டில், ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துடன் முதன்முறையாக மோதி, 38–0 என்ற புள்ளிக்கணக்கில் தோற்றது. நூற்றாண்டுக்கும் மேலாக நீடிக்கும் போட்டியுணர்வின் தொடக்கம் அதுவாகும்.

டானா பைபிள் என்ற பயிற்றுநரின் கீழ் 1917, 1919 ஆகிய இரு ஆண்டுகளிலும் அணி எல்லா ஆட்டங்களிலும் வென்றது. அவ்விரு பருவங்களிலும் எதிரணிகளுக்கு ஒரு புள்ளி கூட விட்டுக்கொடுக்கவில்லை. 1939-ல் தேசிய வாகையர் பட்டம் கிடைத்தது. பின்னாளில் அலபாமாவில் பெரும்புகழ் பெற்ற பயிற்றுநர் பேர் பிரையன்ட், 1954 முதல் 1957 வரை இவ்வணியைப் பயிற்றுவித்தார். சிறந்த கல்லூரிக் காற்பந்தாட்டக்காரருக்கு வழங்கப்படும் ஹைஸ்மன் விருதை இவ்வணியின் ஜான் டேவிட் க்ரோ 1957-லும், ஜானி மான்சியல் 2012-லும் பெற்றனர். முதலாண்டு ஆட்டக்காரர் ஒருவர் இவ்விருதை வென்றது 2012-ல்தான் முதன்முறை.

நெடுங்காலம் ஆண்களுக்கான இராணுவப் பயிற்சிக் கல்லூரியாகவே விளங்கிய இந்நிறுவனம், 1963-ல் பெண்களையும் கறுப்பின மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. மாணவர் படையில் சேர்வது 1965-ல் விருப்பத் தேர்வாக்கப்பட்டது. இம்மாற்றங்களுக்குப் பின் மகளிர் அணிகள் உருவாயின. மகளிர் மென்பந்து அணி 1983, 1987 ஆகிய ஆண்டுகளிலும், மகளிர் கூடைப்பந்தாட்ட அணி 2011-லும் தேசிய வாகையர் பட்டம் வென்றன. 2009, 2010, 2011 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆண்கள், பெண்கள் ஆகிய இரு பிரிவுகளிலும் வெளிக்களத் தடகளப் பட்டங்களை ஏகீஸ் கைப்பற்றியது.

மரபுகள்

பன்னிரண்டாம் ஆள்

அமெரிக்கக் காற்பந்தாட்டத்தில் ஓர் அணிக்குப் பதினொருவர் களத்தில் ஆடுவர். 1922 சனவரி 2 அன்று டாலஸ் நகரில் சென்டர் கல்லூரி அணியுடன் நடந்த ஆட்டத்தில் ஏகீஸ் ஆட்டக்காரர் பலர் காயமுற்றனர். மாற்று ஆட்டக்காரர்கள் போதாமல் போகலாம் என அஞ்சிய பயிற்றுநர் பைபிள், பார்வையாளர் பகுதியிலிருந்த கிங் கில் என்ற மாணவரை அழைத்தார். கூடைப்பந்தாட்டத்துக்காகக் காற்பந்தாட்ட அணியிலிருந்து விலகியிருந்த கில், அன்று செய்தியாளர்களுக்கு ஆட்டக்காரர்களை அடையாளம் காட்டிக்கொண்டிருந்தார். காயமுற்ற ஒருவரின் சீருடையை அணிந்து, ஆட்டம் முடியும்வரை களத்தின் ஓரத்தில் ஆயத்தமாக நின்றார். ஏகீஸ் 22–14 என வென்றது. கில் களமிறங்கத் தேவை ஏற்படவில்லை.

ஆடாத ஒருவரே இம்மரபின் நாயகர் என்பது குறிப்பிடத்தக்கது. தேவைப்பட்டால் தாமும் ஆயத்தம் என்பதன் அடையாளமாக, இன்றும் மாணவர்கள் ஆட்டம் முழுவதும் நின்றுகொண்டே பார்க்கின்றனர். 1983-ல் பயிற்றுநர் ஜாக்கி ஷெரில், உதவித்தொகை பெறாத சாதாரண மாணவர்களைக் கொண்டு தொடக்க உதைக்கான தனி அணி ஒன்றை அமைத்தார். பின்னர் அது, 12 என்ற எண் பொறித்த சீருடையை அத்தகைய ஒரு மாணவருக்கு வழங்கும் வழக்கமாக மாறியது. 'பன்னிரண்டாம் ஆள்' என்ற தொடரைப் பல்கலைக்கழகம் 1990-ல் வணிகக் குறியாகப் பதிவு செய்தது. அதைப் பயன்படுத்தியதற்காக சியாட்டில் சீஹாக்ஸ் அணிமீது 2006-ல் தொடுத்த வழக்கு இணக்கமாக முடிந்தது.

ரெவெலி

அணிகளின் நற்பேற்றுச் சின்னம் ரெவெலி என்னும் நாயாகும். 1931-ல் மாணவர்கள் சிலர் தங்கள் வண்டியில் அடிபட்ட தெருநாய் ஒன்றை விடுதிக்குக் கொண்டுவந்ததாகக் கூறப்படுகிறது. காலையில் துயிலெழுப்பும் ஊதல் ஒலித்தபோது அது குரைத்ததால், அவ்வூதலின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. முதல் ரெவெலி கலப்பினத்தைச் சேர்ந்தது. 1966-ல் வந்த மூன்றாம் ரெவெலி முதல் காலி இன நாய்களே இப்பொறுப்பை ஏற்கின்றன. மாணவர் படையின் மிக உயர்ந்த பதவி ரெவெலிக்கு உரியது. வகுப்பில் அது குரைத்தால் ஆசிரியர் வகுப்பைக் கலைக்க வேண்டும் என்பது வழக்கு. இறந்த ரெவெலிகள் கைல் பீல்டு விளையாட்டரங்கின் அருகே, புள்ளிப்பலகையை நோக்கியவாறு அடக்கம் செய்யப்படுகின்றன. விரிவாக்கத்தால் அப்பலகை மறைந்தபோது, கல்லறைகளுக்கெனத் தனியே ஒரு சிறு பலகை நிறுவப்பட்டது.

முழக்கங்கள்

பிற பல்கலைக்கழகங்களில் காணப்படும் ஆடல் உற்சாகக் குழுக்கள் இங்கு இல்லை. மாணவர்களால் தேர்ந்தெடுக்கப்படும் ஐந்து முழக்கத் தலைவர்கள் கைச்சைகை காட்ட, அரங்கமே ஒரே குரலில் முழங்குகிறது. உள்ளூர் ஆட்டங்களுக்கு முந்தைய நள்ளிரவில் இதற்கான ஒத்திகை நடைபெறும். இராணுவ ஒழுங்குடன் அணிவகுக்கும் மாணவர் இசைக்குழு 1894-ல் தொடங்கப்பட்டது. அணியின் போர்ப்பாடலை, முதல் உலகப் போரின் முடிவில் ஜெர்மனியில் காவல் பணியிலிருந்த முன்னாள் மாணவர் ஒருவர் இயற்றினார்.

பெருந்தீ

ஆண்டுதோறும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துடனான ஆட்டத்துக்கு முன் 'பான்ஃபயர்' எனப்படும் பெருந்தீ மூட்டும் வழக்கம் 1900-களின் முதற்பத்தாண்டில் தோன்றியது. முதலில் குப்பைகூளங்களும் கிடைத்த மரத்துண்டுகளும் எரிக்கப்பட்டன. 1935-ல் விவசாயி ஒருவரின் களஞ்சியத்தை மாணவர்கள் பிரித்து எரித்ததை அடுத்து, மரம் வெட்டும் பணி கல்லூரியின் ஒப்புதலுடன் நடைபெறலாயிற்று. 1969-ல் குவியலின் உயரம் 109 அடி 10 அங்குலத்தை எட்டியது. பின்னர் 55 அடி என வரம்பு விதிக்கப்பட்டது. 1963-ல் மட்டும், குடியரசுத் தலைவர் கென்னடி கொல்லப்பட்டதால், கட்டிய குவியல் எரிக்கப்படாமல் பிரிக்கப்பட்டது.

1999 நவம்பர் 18 அதிகாலை 2.42 மணியளவில், ஏறத்தாழ 5,000 மரங்களைக் கொண்டு 59 அடி உயரத்துக்குக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த குவியல் சரிந்தது. பணியிலிருந்தவர்களுள் 12 பேர் இறந்தனர். 27 பேர் காயமுற்றனர். காற்பந்தாட்ட அணியினர் பயிற்சியைக் கைவிட்டு, மீட்புப் பணியினருடன் சேர்ந்து மரங்களைக் கையால் அகற்றினர்.

விசாரணைக் குழு 2000 மே மாதத்தில் அறிக்கை அளித்தது. மேலடுக்கு மரங்களைக் கீழடுக்கு மரங்களுக்கிடையே ஆப்புபோல் செருகியதால் வெளிப்புறம் நோக்கிய அழுத்தம் மிகுந்தது. அதைத் தாங்குமளவு கட்டுக்கம்பிகளுக்கு வலுவில்லை. முந்தைய ஆண்டுகளில் சுற்றிக் கட்டப்பட்ட எஃகு வடமும் அவ்வாண்டு பயன்படுத்தப்படவில்லை. பொறியியலுக்குப் பெயர்பெற்ற பல்கலைக்கழகத்திலேயே, இத்துணைப் பெரிய கட்டமைப்புக்கு முறையான பொறியியல் மேற்பார்வை இருக்கவில்லை. மரபின்மீது கொண்ட பற்று, அதன் ஆபத்துகளைக் காணவிடாமல் தடுத்ததையும் குழு சுட்டிக்காட்டியது.

ஆஸ்டினில், போட்டிக்கு முன் வழக்கமாக நடைபெறும் மாணவர் கூட்டம் அவ்வாண்டு ஒற்றுமைக் கூட்டமாக மாற்றப்பட்டது. நவம்பர் 26 அன்று நடந்த ஆட்டத்தின் இடைவேளையில், எதிரணியின் இசைக்குழு இரங்கல் இசை இசைத்துத் தொப்பிகளைக் கழற்றி அஞ்சலி செலுத்தியது. ஏகீஸ் 20–16 என வென்றது.

விபத்து நடந்த இடத்தில் 2004 நவம்பர் 18 அன்று நினைவகம் திறக்கப்பட்டது. வட்டமாக அமைந்த அதன் 12 வாயில்களும் இறந்தவர்களின் சொந்த ஊர்களை நோக்கியுள்ளன. வாயில்களை இணைக்கும் 27 கற்கள் காயமுற்றோரைக் குறிக்கின்றன. மாணவர்கள் சிலர் வளாகத்துக்கு வெளியே, பல்கலைக்கழகத் தொடர்பின்றி இவ்வழக்கத்தைத் தொடர்கின்றனர். வளாகத்தில் அதை மீண்டும் தொடங்குவதில்லை எனப் பல்கலைக்கழகத் தலைவர் 2024 சூனில் முடிவு செய்தார்.

போட்டியின் இடைவெளியும் மீட்சியும்

2012-ல் ஏகீஸ் அணிகள் தென்கிழக்கு மாநாடு என்னும் கூட்டமைப்பில் சேர்ந்ததால், டெக்சாஸ் பல்கலைக்கழகத்துடனான காற்பந்தாட்டம் தடைபட்டது. அதற்கு முன் 2011-ல் நடந்த இறுதி ஆட்டத்தில் டெக்சாஸ் 27–25 என வென்றது. 2024-ல் டெக்சாஸும் அதே கூட்டமைப்பில் இணைந்தது. அவ்வாண்டு நவம்பர் 30 அன்று, 2015-ல் நிறைவுற்ற விரிவாக்கத்தால் 102,733 இருக்கைகள் பெற்ற கைல் பீல்டில் இரு அணிகளும் மீண்டும் மோதின. டெக்சாஸ் 17–7 என வென்றது.