எல்லைக்குச் சாட்சியான அண்டை நிலத்தார்

தமிழகத்தில் நிலத்தை அளக்கும் அதிகாரம் அரசிடம் இருந்த காலங்களிலும், எல்லை இதுதான் என்று சாட்சி சொல்லும் பொறுப்பு நெடுங்காலம் அண்டை நிலத்தாரிடமே இருந்தது. சோழர் செப்பேடுகளின்படி, ஓர் ஊர் கொடையாக வழங்கப்படும்போது நாட்டார், அதாவது அவ்வட்டாரத்து நிலக்கிழார் அவையினர், கூடிப் பிடியானையை எல்லையோரமாக நடத்தி, அது சென்ற வழியில் கல்லும் கள்ளியும் நட்டு, அறவோலை எனப்படும் கொடை ஆவணத்தை எழுதினர். கல்லைப் பெயர்ப்பது எளிது. வேரூன்றிப் படர்ந்த கள்ளியை அப்படி ஓரிரவில் நகர்த்திவிட முடியாது என்பதால், இரண்டையும் சேர்த்து நட்டதில் சடங்கை விட நடைமுறை அறிவே மிகுதி எனலாம். சிவன் கோயில் நிலத்துக்குச் சூலம் பொறித்த கல்லும் திருமால் கோயில் நிலத்துக்குச் சக்கரம் பொறித்த திருவாழிக்கல்லும் நடப்பட்டபோது, எல்லையை மீறுவது குற்றமாக மட்டுமன்றிப் பாவமாகவும் ஆயிற்று. முதலாம் இராசராசன் காலத்தில் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊர் அளிக்கப்பட்டதைக் கூறும் பெரிய லெய்டன் செப்பேட்டில், வாய்க்காலும் அயலூர் நிலமுமாக எல்லை விவரிப்பு நீண்டு செல்வதுடன், சுற்றியிருந்த ஊர்களின் சார்பில் இடப்பட்ட கையெழுத்துகளும் இடம்பெற்றுள்ளன. பின்னாளில் எல்லைத் தகராறு எழுப்பக்கூடியவர்களையே முன்கூட்டிச் சாட்சிகளாக்கிய ஏற்பாடு இது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஏற்பாட்டின் இடத்தைச் சங்கிலி பிடித்தது. இரயத்துவாரி முறையில், அதாவது ஒவ்வொரு உழவரும் அரசுக்கு நேரடியாக வரி செலுத்திய முறையில், வரிக்கு அளவே ஆதாரமாக இருந்ததால், 1858-இல் தொடங்கிய சென்னை மாகாண நில அளவை, நூறு கண்ணிகள் கொண்ட 66 அடிச் சங்கிலியால் வயல்களை அளந்து, ஒவ்வொன்றுக்கும் புல எண்ணும் புலப்படமும் கொடுத்தது. எல்லைக் கற்களைக் காக்க 1860-இல் ஒரு சட்டமும், பின்னர் 1897-இலும் 1923-இலும் அளவை, எல்லைச் சட்டங்களும் வந்தன. இன்றும் நடைமுறையிலுள்ள 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அளவை முடிந்ததாக அறிவிக்கை வெளியானபின், பாதிக்கப்பட்டவர் மூன்றாண்டுக்குள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கிட்டுத் திருத்திக்கொள்ளாவிட்டால், அளவைப் பதிவே எல்லைக்கு முடிவான சான்றாகிவிடும். முன்பு எல்லையைக் கூடி வகுத்த அண்டை நிலத்தார், இதனால் அறிவிப்பைப் பெற்று ஆட்சேபிப்பவராகச் சுருங்கினார். அந்த அறிவிப்பு கைக்கு வராதவருக்கும் எழுத்தறியாதவருக்கும் மூன்றாண்டு என்பது பெயரளவிலான அவகாசமே.

ஆயினும் பழைய முறை பத்திரங்களில் அழியாமல் நிற்கிறது. விற்பனைப் பத்திரத்தில் செக்குபந்தி என்ற தலைப்பில் நாற்புறமும் யாருடைய நிலம் என்று எழுதும் வழக்கம் தொடர்கிறது. அதில் கண்ட பரப்பளவும் நான்கெல்லையும் முரண்பட்டால், பொதுவாக எல்லைக்கே நீதிமன்றங்கள் முதன்மை தருகின்றன. பட்டா என்பது வருவாய்த்துறைப் பதிவே தவிர உரிமை மூலம் ஆகாது என்பதும் நிலைபெற்ற விதி. 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்த நிலப்பதிவு மேம்பாட்டுத் திட்டம், ஊர்வழக்கில் யுடிஆர், அனுபோகத்தைக் கண்டு பட்டாக்களைப் புதுப்பித்தபோது, பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டன. எந்த வரப்பு எவருடையது என்பதைத் தலைமுறைகளாக மனத்தில் வைத்திருந்த கணக்குப்பிள்ளை, அவ்வலுவலர்களுள் ஒருவர், அந்நினைவு மிகவும் வேண்டியிருந்த வேளையில் பதவியிழந்தார். அத்திட்டத்தில் நேர்ந்த பெயர்ப்பிழைகளும் உட்பிரிவுப் பிழைகளும் வருவாய்த்துறை அலுவலர்களிடம் மேல்முறையீடாகவும் நீதிமன்றத்தில் வழக்காகவும் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.