கபன் துணி

கபன் என்பது இறந்துபோன முஸ்லிமின் உடலை, குளிப்பாட்டிய பின்னும் இறுதித் தொழுகைக்கு முன்னும், சுற்றிப் பொதியும் வெள்ளைத் துணியாகும். அரபியிலிருந்து வந்த இச்சொல்லைத் தமிழ் முஸ்லிம்கள் ‘கபனிடுதல்’ என வினையாகவும் ஆள்வர். மலாயில் இது ‘காயின் காபான்’, ஆங்கிலத்தில் ‘ஷ்ரௌட்’. தமிழ் இந்துக்கள் போர்த்தும் கோடித் துணியோடு இதனை ஒப்பிடலாம் என்றாலும் இரண்டும் ஒன்றல்ல. கோடி உறவினர் கொண்டுவந்து போடுவது. பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடி வந்தாக வேண்டும் என்பது வழக்கம். கபனோ இறந்தவரின் சொந்தப் பொருளிலிருந்து, கடன் தீர்ப்பதற்கும் பாகம் பிரிப்பதற்கும் முன்பாகவே எடுக்கப்பட வேண்டியது. ஆனால் மனைவியின் கபன் செலவு கணவனைச் சேரும்.

நபிகள் நாயகத்தின் உடல், சட்டையும் தலைப்பாகையும் இன்றி, யமன் நாட்டு வெண்பருத்தித் துணிகள் மூன்றில் பொதியப்பட்டதாக அவர் மனைவி ஆயிஷா அறிவித்த செய்தியே கபன் விதிகளுக்கு அடிப்படை. போரில் உயிர்நீத்த தியாகி தாம் உடுத்திருந்த ஆடையுடனும், ஹஜ்ஜின்போது இறப்பவர் தமது இஹ்ராம் எனும் யாத்திரைத் துணிகளிலும் அடக்கம் செய்யப்படுவர்.

தமிழகத்தின் உள்நாட்டு ஊர்களில் பெரும்பாலும் பின்பற்றப்படும் ஹனஃபி சட்டப்பிரிவின் முறையில் ஆணுக்கு மூன்று துணிகள், பெண்ணுக்கு ஐந்து. உடலைவிட நீளமாக, இரு முனைகளையும் முடியத்தக்க அளவில் அமையும் வெளித்துணி லிஃபாஃபா எனப்படும். தலைமுதல் கால்வரை வருவது இஸார். நீளத் துணியை இரண்டாக மடித்து, கழுத்துக்கு மட்டும் திறப்பு விட்டு, கையும் பக்கத் தையலும் இல்லாமல் அமைப்பது கமீஸ். பெண்ணுக்கு இவற்றோடு தலையை மறைக்கும் கிமாரும் மார்பைச் சுற்றும் சீனாபந்தும் சேரும். கடற்கரைப் பட்டினங்களின் தமிழ் முஸ்லிம்களும் மலாய்க்காரரும் சார்ந்த ஷாஃபி முறையில் ஆணுக்குக் கமீஸ் இல்லை. முழுத் துணிகள் மூன்றே போதும். எண்ணிக்கை ஒத்திருப்பதால் இவ்வேறுபாடு பலர் கண்ணில் படுவதில்லை.

முதலில் கட்டுவதற்கான துணிக்கீற்றுகளைக் குறுக்கே இட்டு, அவற்றின்மேல் லிஃபாஃபா, இஸார், கமீஸ் என்ற வரிசையில் விரித்து, அத்தர் தெளிப்பர். மய்யித்தை (இறந்தவர் உடலை)க் கிடத்திய பின் நெற்றி, மூக்கு, உள்ளங்கைகள், முழங்கால்கள், பாதங்கள் ஆகிய, சுஜூதில் (தொழுகையில் சிரம்பணியும்போது) தரையில் படும் உறுப்புகளில் கற்பூரம் தடவப்படும். இடப்பக்கத்தை முதலில் மடித்து வலப்பக்கம் மேலே வருமாறு மூடி, தலை, இடை, கால் ஆகிய மூன்றிடங்களில் முடிச்சிடுவர். கபுறில் (புதைகுழியில்) வைத்தபின் அவை அவிழ்க்கப்படும். செல்வருக்கும் கூலித் தொழிலாளிக்கும் ஒரே துணி என்பதே கபனின் பெருஞ்சிறப்பு. ஆடம்பரக் கபன் வெறுக்கத்தக்கது. தர்காக்களில் கபுறின்மீது சாத்தப்படும் வண்ணப் போர்வை இதனோடு தொடர்பற்றது. சிங்கப்பூரின் பாமர் சாலையில், 1866இல் மறைந்த இறைநேசர் ஹபீப் நூஹின் அடக்கத்தலத்தில் காணப்படும் போர்வையும் அவ்வகையைச் சேர்ந்ததே.

  

சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் கபன் வழக்கத்தைப் பேணியோருள் தமிழகத்தின் கடையநல்லூர், தென்காசிப் பகுதித் தமிழ் முஸ்லிம்களும் அடங்குவர். கைத்தறி நெசவை நம்பியிருந்த அவ்வூர்களிலிருந்து, தறித்தொழில் நலிந்தபோது பலர் குடும்பத்தோடு சிங்கப்பூர் வந்தனர். 1864இல் தொடங்கிய தஞ்சோங் பகார் கப்பல்துறை நிறுவனத்தை ஒட்டி வளர்ந்த அப்பகுதியில் ஆண்கள் கூலி வேலையும் சிறு வணிகமும் செய்ய, பெண்கள் சந்தைகளில் மசாலா அரைத்து விற்றனர். 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கையும் 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியையும் நிறுவியோர் இவர்களே.  அருகிலுள்ள தெலோக் ஆயர் சாலையில் 1827இல் கூரைக் குடிசையாக எழுந்ததால் குச்சுப் பள்ளி எனப் பெயர்பெற்ற அல்-அப்ரார் பள்ளிவாசலும், சௌத் பிரிட்ஜ் சாலையின் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் தமிழ் முஸ்லிம்களின் தொழுகைத் தலங்களாக விளங்கின.

1998இல் வந்த விதிப்படி, சிங்கப்பூரில் ஓர் அடக்கத்தின் காலவரை 15 ஆண்டுகள். அதன்பின் சுவா சூ காங் மையவாடியிலிருந்து (இடுகாட்டிலிருந்து) தோண்டியெடுக்கப்படும் முஸ்லிம்களின் எச்சங்கள் வெண்துணியில் மீண்டும் பொதியப்பட்டு, பலருக்குப் பொதுவான கபுறில் அடக்கம் செய்யப்படுகின்றன.