மாசக் கடையும் அன்றாடக் கடையும்

சென்னையில் 1904-லேயே பொதுமக்கள் பங்கு போட்டு நடத்திய கடை ஒன்று இருந்தது. திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம். டி.யூ.சி.எஸ். என்றால் பெரியவங்களுக்குத் தெரியும். காமதேனு கடைகள் அதனுடையவைதான். இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் நெசவாளர்கள் 1844-ல் இப்படி ஒரு கடை வைத்தார்கள், அதுதான் இதற்கு முன்மாதிரி. வாங்குகிறவரே பங்குதாரர் என்பதால் எடையில் ஏமாற்று இருக்காது என்பது நம்பிக்கை.

அப்படியிருந்தும் எல்லோரும் ஏன் அங்கே போகவில்லை? மாசச் சம்பளக்காரர் முதல் தேதியில் பட்டியலோடு போவார். அன்றாடக் கூலி வீட்டில் சாயங்காலம்தான் காசு வரும், அப்புறம்தான் உலை வைக்கணும். அந்த அம்மாவுக்கு வேண்டியது நூறு கிராம் பருப்பும், "நாளைக்குத் தரேன் அண்ணாச்சி" என்றால் நோட்டில் எழுதிக்கொள்ள ஒரு ஆளும். அந்த நோட்டுக்கும் ஒரு விலை உண்டு. பக்கத்துக் கடையில் இரண்டு ரூபாய் குறைவு என்று தெரிந்தாலும், பாக்கியை வைத்துக்கொண்டு அண்ணாச்சி கடையைத் தாண்டிப் போக முடியாது!

1990-ல் எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச விலையைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்று விதி வந்தது. எவ்வளவு குறைத்துத் தருகிறார்கள் என்பதை அதற்கப்புறம் யாரும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். 1996-ல் சென்னையில் ஃபுட்வேர்ல்டு வந்தது. குளுகுளு வசதி, நாமே கையால் எடுத்து வாங்கலாம். அடுத்த வருஷமே திருவான்மியூரில் சுபிக்ஷா. ஏ.சி. கிடையாது, அலங்காரம் கிடையாது, அந்தச் செலவை மிச்சப்படுத்தி விலையைக் குறைத்தார்கள். இரண்டுக்கும் கூட்டம் வந்தது, ஆனால் வேற வேற கூட்டம். சுபிக்ஷா கடன் வாங்கி வேகவேகமாகக் கிளைகளைப் பெருக்கியது; கையில் பணமில்லாமல் 2009-ல் கடைகளை மூடியது. (அளவுக்கு மீறின கடனைப் பற்றி நம்ம குழுக்களுக்குப் புதுசாச் சொல்ல வேண்டியதில்லை.)

இப்போது டிமார்ட் போன்ற பெரிய கடைகள். மொத்தமா வாங்கினால்தான் அங்கே லாபம், இல்லாவிட்டால் மிச்சமானது ஆட்டோவுக்கே போயிடும்.

ஆகவே கடையைத் தீர்மானிப்பது விலை மட்டுமில்லை, வீட்டுக்குள் பணம் எப்படி வருகிறது என்பதும்தான். 1989-ல் தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கியபோது இதில்தான் ஒரு மாற்றம் வந்தது. குழுவில் உள்கடன் எடுத்து மளிகைப் பாக்கியைத் தீர்த்த பெண்ணால் வேறு கடைக்கும் போக முடியும். நாலு பேர் சேர்ந்து ஒரு மூட்டை அரிசி வாங்கிப் பிரித்துக்கொள்ளவும் முடியும்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. நம்ம கூட்டமைப்பு மசாலாப்பொடியைக் கால் கிலோவுக்குக் குறைந்து பாக்கெட் போடுவதில்லை. அதை அரைத்து அடைக்கிற அக்காவே தன் வீட்டுச் சமையலுக்குப் பத்து ரூபாய் பாக்கெட்டை அண்ணாச்சி கடையில்தான் வாங்குகிறார். அடுத்த பொதுக்குழுவில் சின்ன பாக்கெட் பற்றி முடிவெடுக்கணும்.