வொயிட்சாப்பல் போதகரும் அரசுப்பணிக்குச் சென்ற இளைஞரும்

இளைஞரை உருவாக்குதல் போதகப் பணியின் ஒரு கூறு என்பதை நம்மில் எவரும் மறுப்பதில்லை. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியவற்றைப் போதக நிருபங்கள் என்றே அழைக்கிறோம். ஆயினும், நாம் உருவாக்கிய இளைஞன் திருச்சபையின் ஊழியத்திற்கு வராமல் அரசு அலுவலகம் ஒன்றுக்குச் சென்றுவிட்டால், அதை வரவில் எழுதுவதா செலவில் எழுதுவதா என்பதில் நமக்குத் தெளிவில்லை. தேர்வுக்குச் செல்பவனுக்காக ஜெபிக்கிறோம்; நன்னடத்தைச் சான்றிதழ் எழுதிக் கையொப்பமிடுகிறோம்; அவன் பதவியேற்றபின் ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்க அழைக்கிறோம். இவற்றிற்கு அப்பால் அவன் செய்யும் வேலைக்கும் நம் வேலைக்கும் தொடர்பு உண்டா என்று கேட்பதில்லை. இக்கேள்வியைத் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்த ஒரு குருவானவரின் வரலாற்றை இங்கு ஆராய முற்படுகிறோம். அவர் இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் பணியாற்றிய சாமுவேல் பார்னெட் ஆவார்.

பார்னெட் 1844இல் பிரிஸ்டல் நகரில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் கல்வி பயின்றவர். 1873இல் ஹென்ரியட்டா என்னும் அம்மையாரை மணந்து, அதே ஆண்டில் வொயிட்சாப்பல் பகுதியிலுள்ள புனித யூதா ஆலயத்தின் பொறுப்பை ஏற்றார். தம் பேராயத்திலேயே மிகவும் கெட்ட சேகரம் அது என்று இலண்டன் பேராயர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். முதல் ஞாயிறு ஆராதனைக்கு வந்தவர்கள் ஆறேழு மூதாட்டிகள் மட்டுமே. அவர்களும் ஆராதனைக்கு வந்தால் காசு கிடைக்கும் என்று வந்தவர்கள் என்பதை அம்மையார் பின்னாளில் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் காண்கிறோம். பார்னெட் அக்காசு கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தினார். கேட்டவுடன் கொடுக்கும் பிச்சை கொடுப்பவனையும் வாங்குபவனையும் ஒருசேரக் கெடுக்கிறது என்பது அக்காலத்தில் அவர் கொண்ட உறுதியான கருத்து. அதனால் மக்களின் கசப்பைச் சம்பாதித்தார். அவ்வுறுதி பின்னர் மாறியது; அதனைக் கீழே காண்போம்.

1883ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் திருப்புமுனையாக அமைந்தது. அவ்வாண்டு மார்ச் மாதம் ஆர்னால்டு டாயின்பி என்னும் இளம் பொருளியல் ஆசிரியர் முப்பது வயதில் மறைந்தார். அவர் விடுமுறைகளில் வொயிட்சாப்பலில் வந்து தங்கி, பார்னெட்டுடன் பழகியவர். அக்டோபரில் கொங்கிரிகேஷனல் சபையார் இலண்டன் ஏழைகளின் குடியிருப்புகளைக் குறித்து வெளியிட்ட சிறுநூல் ஒன்று நாட்டையே உலுக்கியது. நவம்பரில் பார்னெட் ஆக்ஸ்போர்டின் புனித யோவான் கல்லூரியில் ஒரு கட்டுரை வாசித்தார். ஏழைகளுக்கு மிஷன் அமைத்து ஆளனுப்புவதைவிட, கல்லூரியை முடித்த இளைஞர் தாமே அங்குச் சென்று அண்டை வீட்டாராகக் குடியிருப்பதே தேவை என்பது அக்கட்டுரையின் சாரம். 1884ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் முன்னிரவில் முதல் இளைஞர்கள் புதிய கட்டடத்தில் தங்கினர். மறைந்த நண்பரின் பெயரால் அது டாயின்பி இல்லம் எனப்பட்டது. பார்னெட் 1906 வரை அதன் தலைவராக இருந்தார்.

அங்குத் தங்கிய இளைஞர்கள் ஊதியம் பெறவில்லை. தம் உணவுக்கும் உறைவிடத்திற்கும் தாமே பணம் செலுத்தினர். பலர் பகலில் வழக்கறிஞராகவோ எழுத்தராகவோ பணிபுரிந்து மாலையில் இல்லத்தின் பணிகளில் ஈடுபட்டனர். வந்தவுடன் அவர்களைப் பிரசங்கம் செய்ய பார்னெட் அனுப்பவில்லை. ஒருவரைத் தொடக்கப் பள்ளியின் மேலாளர் குழுவில் உட்கார வைப்பார். மற்றொருவரைத் தெருவின் சாக்கடையும் தண்ணீர்க் குழாயும் சட்டப்படி இருக்கின்றனவா என்று பார்த்து வரச் செய்வார். வேறொருவரிடம் உதவி கோரி வரும் குடும்பங்களின் விண்ணப்பங்களை ஒப்படைப்பார். பின்பு தனித்தனியே அழைத்து, கண்டது என்ன, அதற்குக் காரணம் என்ன என்று வினவுவார். அவரே 1875 முதல் வட்டார ஏழைகள் நிவாரணக் குழுவில் உறுப்பினராக இருந்தமையால், அலுவலகக் கோப்பின் நடையும் அதன் பின்னாலுள்ள வீட்டின் நிலையும் அவருக்கு ஒருங்கே தெரியும். ஒவ்வொருவராக, ஆளுக்கு ஆள் என்பதே அவருடைய முறை. கூட்டங்களில் அவருக்கு நம்பிக்கை குறைவு. இம்முறை நம் இறையியல் கல்லூரிகளின் களப்பணியை நினைவூட்டக்கூடும். ஆனால் நாம் மாணவரிடம் அறிக்கை கேட்டு மதிப்பெண் இடுகிறோம். பார்னெட் விடை தெரியாத கேள்வியைக் கேட்டு அதை அவர்கள் தோளிலேயே விட்டுவிட்டார்.

அக்கேள்வியைச் சுமந்து சென்றவர்களுள் சிலரைக் காண்போம். ஹியூபர்ட் லுவெலின் ஸ்மித் 1889இல் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை அருகிருந்து கண்டு, நண்பர் ஒருவருடன் சேர்ந்து அதன் வரலாற்றை எழுதினார். பின்னர் வர்த்தக அமைச்சகத்தில் சேர்ந்து 1907இல் அதன் நிரந்தரச் செயலாளரானார். ராபர்ட் மோரண்ட் ஆக்ஸ்போர்டில் இறையியல் பயின்று, குருத்துவ எண்ணத்தைக் கைவிட்டவர். சயாம் அரச குடும்பத்தில் ஆசிரியராயிருந்து 1894இல் திரும்பி, டாயின்பி இல்லத்தில் தங்கினார். மறு ஆண்டே கல்வித் துறையில் நுழைந்து, 1903இல் அதன் நிரந்தரச் செயலாளராக உயர்ந்தார். 1902ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்திலும், 1907இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை ஏற்பட்டதிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு.

வில்லியம் பெவரிட்ஜின் வரலாறு சற்று விரிவாகக் கூறத்தக்கது. அவர் 1879இல் வங்காளத்தின் ரங்பூரில், இந்திய ஆட்சிப் பணியில் நீதிபதியாயிருந்தவரின் மகனாகப் பிறந்தார். ஆக்ஸ்போர்டின் பேலியல் கல்லூரித் தலைவர் எட்வர்டு கேர்டு, இவ்வளவு செல்வமுள்ள நாட்டில் இவ்வளவு வறுமை நிலைத்திருப்பது ஏன் என்று சென்று கண்டறியுமாறு தம் மாணவரைத் தூண்டி வந்தார். வழக்கறிஞர் தொழிலை விட்டு 1903இல் பெவரிட்ஜ் டாயின்பி இல்லத்தின் துணைத் தலைவராகச் சென்றபோது அவருடைய பெற்றோர் மிகவும் வருந்தினர். ஆக்ஸ்போர்டில் சிறந்து தேறியவன் கடல் கடந்து நம் நாட்டை ஆளச் செல்வது அந்நாளில் பெருமை. தன் நகரத்தின் சேரிக்குச் செல்வது வீண் என்று கருதப்பட்டது.

1903-04 குளிர்காலத்தில் இலண்டனில் வேலையின்மை பெருகியது. வேலையிழந்த குடும்பத் தலைவர்களை நகருக்கு வெளியேயுள்ள பண்ணைகளுக்கு அனுப்பி வேலை கொடுத்து, குடும்பத்திற்கு உதவித் தொகை வழங்கும் திட்டம் ஒன்று நடந்தது. அதை நடத்தியதில் பெவரிட்ஜுக்கும் பங்குண்டு. நம்முடைய நிவாரணப் பணிகள் பெரும்பாலும் இத்துடன் முடிவடையும்: புகைப்படம் எடுப்போம், நன்றி கூறுவோம், கணக்கை மூடுவோம். பெவரிட்ஜும் அவருடைய தோழரும் சில மாதங்கள் கழித்து அம்மனிதர் என்ன ஆயினர் என்று தேடிச் சென்றனர். பெரும்பாலோருக்கு நிலையான வேலை கிட்டவில்லை. உழைக்க மனமில்லாமையன்று குற்றம்; ஒவ்வொரு துறைமுக வாயிலும் ஒவ்வொரு பட்டறையும் தனக்கெனக் காத்துக் கிடக்கும் ஒரு கூட்டத்தை வைத்துக்கொண்டு அன்றன்றைக்கு ஆள் எடுக்கும் ஒழுங்கின்மையே குற்றம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். அதிலிருந்தே வேலைவாய்ப்பு அலுவலகங்கள் பற்றிய எண்ணம் அவரிடம் வளர்ந்தது. 1907இல் ஜெர்மனிக்குச் சென்று அங்குள்ள முறையை நேரில் கண்டார். 1908இல் சர்ச்சில் அவரை வர்த்தக அமைச்சகத்திற்கு அழைத்தார். அங்கே உயர் அதிகாரியாக இருந்தவர் முன்குறிப்பிட்ட லுவெலின் ஸ்மித்தே. 1909இல் சட்டம் பிறந்தது. 1910 பிப்ரவரி முதல் நாள் அலுவலகங்கள் திறக்கப்பட்டன. 1911இல் தேசியக் காப்புறுதிச் சட்டம் வந்தபோது, வேலையின்மைக் காப்பீட்டை இவ்விருவரும் வகுத்தனர்; நோய்க் காப்பீட்டை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மோரண்டிடம் வந்தது. வொயிட்சாப்பலின் ஒரே வீட்டு உணவு மேசையைச் சுற்றியிருந்தவர்கள் ஒரு பேரரசின் சமூகச் சட்டத்தை எழுதினர் என்பது மிகையன்று. அம்மேசையில் பெண்களுக்கு இடமிருக்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். அவர்களுக்கான குடியேற்ற இல்லம் 1887இல் சவுத்வர்க் பகுதியில் தனியே எழுந்தது.

போதகரும் கற்றார் என்பதை இங்குச் சேர்த்துச் சொல்லுதல் நேர்மையாகும். தனி மனித ஒழுக்கமே வறுமைக்கு மருந்து என்று தொடங்கிய பார்னெட், 1883இலேயே முதியோருக்கு அரசு ஓய்வூதியம் வேண்டும் என்று எழுதினார்; 1895இல் தம் பழைய தோழர்களாகிய அறநிலைய ஒழுங்குச் சங்கத்தாரோடு வெளிப்படையாக முரண்பட்டார். ஓய்வூதியச் சட்டம் 1908இல் நிறைவேறியது. அவர் 1913 வரை வாழ்ந்து அதைக் கண்டார்.

இவ்வளவும் புகழ்ச்சியாகவே முடியுமானால் இதனை எழுதத் தேவையில்லை. இதற்குக் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு. அது கிழக்கு இலண்டனிலிருந்தே எழுந்தது. ஜார்ஜ் லான்ஸ்பரி போ, பாப்லர் பகுதிகளில் ஏழைகளோடு வாழ்ந்து மடிந்த உறுதியான கிறிஸ்தவர். தொழிற் கட்சித் தலைவர். டாயின்பி இல்லத்தின் உருப்படியான சாதனை ஒன்றே: ஆர்வத்துடன் வந்த இளைஞர், ஏழைகளை அவர்கள் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு, தாம் அதிகாரிகளாகவும் அமைச்சர்களாகவும் ஏறிச் சென்றதே அச்சாதனை என்று 1928இல் தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் எழுதினார். அவருக்கு அவ்வாறு சொல்லும் உரிமை இருந்தது. ஏழை வட்டாரங்களே தம் ஏழைகளின் சுமையைத் தாங்க வேண்டும் என்ற வரி முறையை எதிர்த்து, 1921இல் பாப்லர் மன்ற உறுப்பினர் முப்பது பேர் சிறை சென்றபோது அவர் முன்னின்றார். அவ்வூரார் தாமே தம் வழக்கை நடத்தக்கூடியவர்கள் என்பதற்கு அது சான்று. டாயின்பி இல்லத்தார் ஏழைகளைக் குறித்து நிறைய அறிந்தனர். ஏழைகளுள் ஒருவரை அமைச்சகத்திற்கு அனுப்பும் எண்ணம் அவர்களுக்கு எழவில்லை. இக்குற்றச்சாட்டு பெரும்பாலும் உண்மை என்றே கருதுகிறோம். வழிகாட்டுதல் என்ற பெயரில் மேல்தட்டு இளைஞனுக்கு அனுபவமும் சேரிக்கு ஏமாற்றமும் மிஞ்சுமானால், அதைத் திருப்பணி என்று அழைக்க இயலாது.

ஆயினும் வரலாறு அத்துடன் நிற்கவில்லை. கிளெமென்ட் அட்லி 1905இல் ஸ்டெப்னியில் தம் பழைய பள்ளி நடத்திய சிறுவர் மன்றத்தைப் பார்க்கச் சென்றார். 1907இல் அதன் மேலாளராகி, அங்கேயே குடியிருந்தார். ஒரு நாள் மாலை, தாம் வீட்டுக்குத் தேநீர் அருந்தச் செல்வதாக அவர் கூற, உடன் நடந்த சிறுமி, தன் வீட்டில் தேநீர் உண்டா என்று பார்க்கப் போவதாகக் கூறினாள் என்று வழங்கும் செய்தி அவருடைய வரலாற்றாசிரியர்களால் கூறப்படுகிறது. 1910இல் ஏறக்குறைய ஓராண்டு அவர் டாயின்பி இல்லத்தின் செயலாளராக இருந்தார். அவர் 1919இல் ஸ்டெப்னியின் மேயரானார். 1922 முதல் அதே வட்டாரத்தின் லைம்ஹவுஸ் தொகுதிக்குப் பாராளுமன்ற உறுப்பினரானார். 1935இல் தொழிற் கட்சியின் தலைமையை லான்ஸ்பரி துறந்தபோது, அவ்விடத்தில் அமர்ந்தவரும் இவரே. லான்ஸ்பரி 1893 முதல் பாப்லரின் ஏழைகள் நிவாரணக் குழுவில் போராடி, ஒழிக்க வேண்டும் என்று 1909இல் கையொப்பமிட்ட அந்தப் பழைய ஏழைகள் சட்டம், 1942இல் வெளிவந்த பெவரிட்ஜ் அறிக்கையின் வழியே அட்லியின் அரசினால் 1948 ஜூலை 5ஆம் நாள் முடிவுக்கு வந்தது. தேசிய சுகாதாரப் பணி தொடங்கியதும் அன்றே. லான்ஸ்பரி 1940இலேயே மறைந்துவிட்டார். நம் நாட்டின் விடுதலைச் சட்டமும் அதே அட்லியின் அமைச்சரவையில் 1947இல் நிறைவேறியது என்பதை வாசகர் அறிவர்.

இனி, போதகரென்ற முறையில் நம்மை உறுத்தும் வினா எஞ்சுகிறது. பெவரிட்ஜ் விசுவாசியல்லர். அட்லி கிறிஸ்தவ ஒழுக்கத்தை ஏற்றார். விசுவாச அறிக்கையை ஏற்க இயலவில்லை. டாயின்பி இல்லத்தில் சமயச் சோதனை எதுவும் வைக்க பார்னெட் மறுத்தார். அதனாலேயே அதிருப்தியுற்ற ஆக்ஸ்போர்டு திருச்சபையினர் 1884இல் பெத்னல் கிரீனில் ஆக்ஸ்போர்டு இல்லத்தை நிறுவினர். அவர்களுடைய அச்சம் ஆதாரமற்றதன்று. எனினும் அதே இல்லத்தில் 1903 முதல் சில ஆண்டுகள் தங்கிய ஆர். எச். டானி இறுதிவரை விசுவாசத்தில் நிலைத்தவர். அவர் அரசுப்பணிக்குச் செல்லவில்லை. 1908இல் ராச்டேல், லாங்டன் நகரங்களில் நெசவாளருக்கும் மண்பாண்டத் தொழிலாளருக்கும் வகுப்பெடுக்கச் சென்றார். பெவரிட்ஜின் தங்கையை மணந்தவர்; பின்னாளில் காண்டர்பரி பேராயரான வில்லியம் டெம்பிளின் பள்ளித் தோழர். ஒரே மேசையில் உண்டவர்களுள் ஒருவர் கோப்பையும் ஒருவர் வகுப்பறையையும் தெரிந்துகொண்டனர். எவரை எங்கே அனுப்புவது என்று பார்னெட் தீர்மானித்ததாகத் தெரியவில்லை. விளைச்சலைத் தம் சேகரப் பதிவேட்டில் தேடாத போதகர் அவர். நமக்கு அது எளிதன்று.

டாயின்பி இல்லம் இன்றும் கமர்ஷியல் தெருவில் இயங்குகிறது. இலவசச் சட்ட ஆலோசனை இன்றும் அங்கு அளிக்கப்படுகிறது. 1963இல் பாராளுமன்றத்தில் பொய்யுரைத்து, அதன் காரணமாகப் பதவி விலகிய போர் அமைச்சர் ஜான் புரொஃபுமோ அவ்வில்லத்தின் கதவைத் தட்டினார். பாத்திரம் கழுவுவது போன்ற வேலைகளில் தொடங்கி, 2006இல் இறக்கும்வரை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஊதியமின்றி அங்குப் பணிபுரிந்தார்.